நெஞ்சில் கோத்த நீரும் காசநோயும்: ஏடிஏ, இன்டர்ஃபெரான்-காமா பரிசோதனைகளுக்கு முழுமையான வழிகாட்டி

நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டை உறைக்கு நடுவே நீர் கோத்திருக்கிறது. காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு இழுக்கும்போது ஒரு பக்கக் குத்தல். நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் காசநோய்க் கிருமி தென்படுவதில்லை. உறைக் காசநோயில் சாயப் பரிசோதனை பாசிட்டிவ் ஆவது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் பெரும்பாலானவர்களுக்கு நெகட்டிவாகவே முடியும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் வேகமானது, ஆனால் வளர்ப்பில் கிருமி காட்டிய நீர்களில்கூட ஏறத்தாழ பாதியைத்தான் அது கண்டுபிடிக்கிறது.

காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. நுரையீரலின் விளிம்பில் உள்ள சிறு காசப்புண் ஒன்று உறைக்குள் உடைகிறது. உள்ளே விழும் கிருமிகள் சொற்பம். அவற்றின் புரதங்களுக்கு எதிராக உடல் காட்டும் தாமத ஒவ்வாமைதான் பெருவெள்ளமாகிறது. முதல் சில நாட்கள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், பிறகு மேக்ரோஃபேஜ்கள், அவற்றைத் தொடர்ந்து சிடி4 வகை டி-லிம்போசைட்டுகள் என்று படையெடுப்பு நடக்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிட உறைக்குள் இந்த அணுக்கள் பல மடங்கு செறிந்து கிடக்கும். அவை உமிழும் பொருட்களை, முக்கியமாக ஏடிஏ (அடினோசின் டீஅமினேஸ்) என்ற என்சைமையும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தையும், அளந்து நோயை ஊகிப்பதுதான் நோயெதிர்ப்புக் குறியீடுகளின் வேலை. மலையில் புகை கண்டு நெருப்பை அறிவது போன்ற அனுமானம் இது. வேறு நெருப்பும் இதே புகையைக் கிளப்பும் என்பதைக் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இது முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும், ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது.

முதல் படி: நீரை எடுப்பதும் குழாய்களில் பிரிப்பதும்

பிழைகளில் பாதி இங்கேதான் நுழைகிறது. அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துங்கள். கீழ் விளிம்பில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நோயறிதலுக்கு 50 மிலி போதும். மூச்சுத்திணறலுக்காக அதிகம் எடுப்பதானால் ஒரே அமர்வில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

குழாய்கள் முன்கூட்டியே பெயர் எழுதித் தயாராக இருக்கட்டும். புரதம், எல்டிஹெச் (அணுக்கள் சிதையும்போது வெளிவரும் என்சைம்), ஏடிஏ மூன்றுக்கும் எதுவும் சேர்க்காத வெறுங்குழாயில் 5 மிலி. அணு எண்ணிக்கைக்கு உறைதலைத் தடுக்கும் இடிடிஏ குழாய். காசநோய் நீரில் ஃபைப்ரின் மிகுதி என்பதால் வெறுங்குழாயில் அது ஜெல்லிபோல உறையும். அணுக்கள் அந்தக் கட்டிக்குள் சிக்கிக்கொண்டால் எண்ணிக்கை பொய்யாகும். குளுக்கோஸுக்கு ஃப்ளோரைடு குழாய். பிஹெச் பார்ப்பதானால் ஹெப்பாரின் தடவிய ரத்தவாயு சிரிஞ்சில், காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, ஒரு மணி நேரத்துக்குள் கருவியில் செலுத்த வேண்டும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசியையே நீர் இழுக்கவும் பயன்படுத்தினால் பிஹெச் பொய்யாக இறங்கும். வளர்ப்புக்கும் ஜீன் எக்ஸ்பெர்ட்டுக்கும் கிருமிநீக்கிய கலத்தில் எவ்வளவு அதிகம் தர முடியுமோ அவ்வளவு தாருங்கள், குறைந்தது 20 மிலி. மீதி புற்றணுச் சோதனைக்கு.

அதே நேரத்தில் நோயாளியின் ரத்தத்தையும் எடுத்து புரதமும் எல்டிஹெச்சும் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த படி நடக்காது.

ஏடிஏ குழாய் அன்றே ஆய்வகம் சேரட்டும். தாமதம் ஆகுமானால் சுழற்றி அணுக்களைப் பிரித்து, தெளிநீரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் உறைநிலைப் பெட்டி. சூட்டில் பல மணி நேரம் கிடந்த நீரில் என்சைம் தேயும். சீழ்க்கிருமி வளர்ந்துவிட்டால் அது விடும் அமோனியா அளவை ஏற்றிவிடும். ஆக, பிழை இரு திசையிலும் வரக்கூடும்.

இரண்டாம் படி: நீரின் இனத்தைப் பிரித்தல்

ஏடிஏ கேட்பதற்கு முன் இது எக்ஸுடேட்டா (அழற்சியால் கசிந்த, புரதம் மிகுந்த நீர்), டிரான்ஸுடேட்டா (இதயக் கோளாறு போன்றவற்றால் அழுத்தம் மாறிக் கசிந்த, புரதம் குறைந்த நீர்) என்று தெரிய வேண்டும். 1972இல் ரிச்சர்ட் லைட் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: நீரின் புரதம் ரத்தப் புரதத்தில் 0.5 பங்குக்கு மேல், நீரின் எல்டிஹெச் ரத்தத்தினுடையதில் 0.6 பங்குக்கு மேல், அல்லது நீரின் எல்டிஹெச் ரத்தத்துக்கான இயல்பு உச்ச வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இவற்றில் ஒன்று பொருந்தினாலும் எக்ஸுடேட்.

இதய நோய்க்காகச் சிறுநீர் போக்கும் மருந்து எடுப்பவரிடம் இந்த அளவுகோல் ஏமாற்றும். டிரான்ஸுடேட்டையே எக்ஸுடேட் என்று காட்டும். அப்போது ரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழியுங்கள். வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் இதயம் சார்ந்த நீரே. உண்மையான டிரான்ஸுடேட்டுக்கு ஏடிஏ பார்ப்பது வீண் செலவு.

மூன்றாம் படி: அணுக்களை எண்ணுதல்

மொத்த எண்ணிக்கையைவிட வகைப் பிரிப்பு முக்கியம். உறைக் காசநோயில் லிம்போசைட்டுகள் பாதிக்கு மேல் இருக்கும். பலருக்கு 80 சதவீதத்தையும் தாண்டும். உறையை வேய்ந்திருக்கும் மீசோதீலியல் அணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழேதான் தென்படும். ஆனால் எச்ஐவி தொற்று உள்ளவர்களிடம் இந்த இரண்டாவது அடையாளத்தை நம்ப முடியாது. ஈசினோஃபில் 10 சதவீதத்தைத் தாண்டினால் காசநோய்க்கான வாய்ப்பு குறைகிறது. முன்பே நீர் எடுத்தபோது காற்றோ ரத்தமோ உள்ளே போயிருந்தாலும் ஈசினோஃபில் ஏறும் என்பதால், இது எத்தனையாவது முறை எடுத்த நீர் என்று கேளுங்கள்.

நோய் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் வருபவரிடம் நியூட்ரோஃபில் ஆதிக்கம் இருக்கலாம். இதைப் பார்த்து நிமோனியா நீர் என்று முடிவுகட்டி ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. சில நாள் கழித்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். காசநோயானால் படை மாறி லிம்போசைட்டுகள் மேலோங்கியிருக்கும்.

நான்காம் படி: ஏடிஏ அளத்தல்

அடினோசின் டீஅமினேஸ் என்ற என்சைம் அடினோசினை இனோசினாக மாற்றுகிறது. அப்போது அமோனியா வெளியேறுகிறது. உறைநீரில் இதை அளந்தால் காசநோய் தெரியும் என்று 1978இல் இத்தாலியைச் சேர்ந்த பிராஸ் குழு காட்டியது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் நம் சூழலுக்கு இதைவிட மலிவான, எளிய, நம்பகமான குறியீடு வரவில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பெரும்பாலான ஆய்வுகளின் எல்லை அளவு ஜூஸ்டியின் நிறமுறையில் பெறப்பட்டது. அதைக் கையால் செய்யும் முறை இது. நான்கு குழாய்கள் வேண்டும்.

கரைசல் வெற்றுக் குழாய்: பிஹெச் 6.5 உள்ள 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் 1 மிலி, வடிநீர் 0.05 மிலி.
தரக் குழாய்: பஃபரில் கரைத்த 75 மைக்ரோமோலார் அமோனியம் சல்பேட் 1 மிலி, வடிநீர் 0.05 மிலி.
மாதிரி வெற்றுக் குழாய்: பஃபரில் கரைத்த 21 மில்லிமோலார் அடினோசின் 1 மிலி மட்டும்.
மாதிரிக் குழாய்: அதே அடினோசின் 1 மிலி, நோயாளியின் நீர் 0.05 மிலி.

நான்கையும் மூடி 37 டிகிரி நீர்த்தொட்டியில் சரியாக 60 நிமிடம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஃபீனால்-நைட்ரோபுருசைடு கரைசல் 3 மிலி. இது என்சைமை நிறுத்துகிறது. ஆகவே எந்த வரிசையில் தொடங்கினீர்களோ அதே வரிசையில், அதே இடைவெளியில் சேருங்கள். இப்போது மாதிரி வெற்றுக் குழாயில் நோயாளியின் நீர் 0.05 மிலி சேர்க்க வேண்டும். அடுத்து எல்லாவற்றிலும் கார ஹைப்போகுளோரைட் 3 மிலி. கலக்கி, மீண்டும் 37 டிகிரியில் 30 நிமிடம். நீலம் எழும். 628 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள்.

கணக்கு: மாதிரியிலிருந்து மாதிரி வெற்றைக் கழித்து, தரத்திலிருந்து கரைசல் வெற்றைக் கழித்து வந்ததால் வகுத்து, 50ஆல் பெருக்குங்கள். மாதிரி 0.52, அதன் வெற்று 0.10, தரம் 0.40, கரைசல் வெற்று 0.05 என்று வைத்தால் 0.42ஐ 0.35ஆல் வகுத்து 50ஆல் பெருக்க, லிட்டருக்கு 60 யூனிட். இந்த 50 எங்கிருந்து வருகிறது? அமோனியம் சல்பேட்டின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு அமோனியா தருவதால், தரக் குழாயில் இருப்பது லிட்டருக்கு 50 யூனிட் உள்ள நீர் ஒரு மணி நேரத்தில் விடும் அமோனியாவுக்குச் சமம்.

முழு முறையும் அமோனியாவை நம்பி நிற்பதால் கோளாறுகளும் அமோனியா வழியாகவே வருகின்றன. பழைய வடிநீர் காற்றிலிருந்து அமோனியாவை உறிஞ்சியிருக்கும். கரைசல் வெற்றே நீலமாகத் தெரிந்தால் முதலில் நீரை மாற்றுங்கள். அமோனியா கலந்த தரைத் துப்புரவுத் திரவத்தை அந்த அறைக்குள் விடக் கூடாது. அமோனியம் ஹெப்பாரின் குழாயில் வந்த மாதிரியை மறுத்துவிடுங்கள். கரைசலை மிச்சப்படுத்த மாதிரி வெற்றுக் குழாயை விட்டுவிடத் தோன்றும். விட்டால் நீரில் முன்பே இருந்த அமோனியாவும் மஞ்சள், சிவப்பு நிறமும் ஏடிஏ கணக்கில் ஏறிவிடும். ஹைப்போகுளோரைட் நாளாக ஆக வீரியம் இழக்கும். தரக் குழாயின் அளவை ஒவ்வொரு தொகுதிக்கும் குறிப்பேட்டில் எழுதி வந்தால் அது படிப்படியாகச் சரிவது கண்ணில் படும். ஃபீனால் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், வாயால் உறிஞ்சவே கூடாது.

ரத்தம் கலந்த நீர் தனிச் சிக்கல். சிவப்பணுக்களுக்குள்ளேயே ஏடிஏ இருப்பதால், அவை உடைந்தால் அளவு பொய்யாக உயரும். சுழற்றிய பின்னும் தெளிநீர் சிவந்திருந்தால் அந்தத் தகவலை அறிக்கையில் எழுதுங்கள்.

தானியங்கிக் கருவிகளில் ஓடும் முறை வேறு. அங்கே இனோசினைப் படிப்படியாக யூரிக் அமிலம் வரை கொண்டுபோய், கிளம்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை நிறமாக்கிப் படிக்கிறார்கள். இரு முறைகளின் எண்களும் ஒன்றல்ல. ஒரு முறையின் எல்லை அளவை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது. ஆய்வகம் முறையை மாற்றினால் எல்லை அளவும் மாறியதா என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காமலே சொல்வது ஆய்வகத்தின் கடமை.

ஐந்தாம் படி: எண்ணைப் படித்தல்

நிறமுறையில் லிட்டருக்கு 40 யூனிட் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 2008இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி ஏடிஏ காசநோயுள்ள நூறு பேரில் 92 பேரைப் பிடிக்கிறது; காசநோய் இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விலக்குகிறது. இந்த எண்களை அப்படியே நோயாளிமேல் போட்டால் தவறு நேரும். அவர் எந்தக் கூட்டத்திலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும்.

காசநோய் மிகுந்த ஊரில், லிம்போசைட் எக்ஸுடேட்டுடன் வரும் இளவயதினர் 1000 பேரை எடுத்துக்கொள்வோம். இவர்களில் 700 பேருக்குக் காசநோய் என்றால் ஏடிஏ 644 பேரைச் சரியாகப் பிடிக்கும். மீதி 300 பேரில் 30 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்த 674 பேரில் 95 சதவீதத்துக்கும் மேல் உண்மையானவர்கள். நெகட்டிவ் வந்த 326 பேரிலோ 56 பேருக்குக் காசநோய் ஒளிந்திருக்கிறது. இங்கே பாசிட்டிவை நம்பலாம், நெகட்டிவை நம்பிக் கைவிட முடியாது.

மாறாக, நோய் அரிதான இடத்தில் 1000 பேரில் 100 பேருக்குத்தான் காசநோய் என்றால், 92 உண்மையான பாசிட்டிவுகளுக்குப் பக்கத்தில் 90 பொய்யான பாசிட்டிவுகள் நிற்கும். காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நெகட்டிவ் வந்த 818 பேரில் காசநோயாளிகள் வெறும் 8 பேர். அங்கே இது நோயை விலக்கும் கருவி.

எல்லையைத் தாண்டும் பிற நோய்கள்: சீழ் நெஞ்சு (உறைக்குள் சீழ் கட்டுவது), சிக்கலான நிமோனியா நீர், லிம்போமா (நிணநீர் அணுப் புற்று), ருமட்டாய்டு மூட்டுநோயால் வரும் உறை அழற்சி, சில வேளை பிற புற்றுகளும். பிரித்தறிய மூன்று துணைகள் உண்டு.

ஒன்று, அணு வகை. லிம்போசைட் மிகுந்த பிற நீர்களில் ஏடிஏ 40ஐத் தாண்டுவது அரிது. இந்தக் கூட்டணி அமைந்தால் நம்பிக்கை வெகுவாக ஏறும். நியூட்ரோஃபில் நீரில் 60 வந்தால் அதற்கு அந்த மதிப்பு இல்லை.

இரண்டு, எல்டிஹெச்சை ஏடிஏவால் வகுத்த விகிதம். சீழில் அணுக்கள் அழிந்து எல்டிஹெச் ஆயிரக்கணக்கில் கொட்டும், காசநோயில் அப்படி ஏறாது. எல்டிஹெச் 400, ஏடிஏ 65 என்றால் விகிதம் 6. எல்டிஹெச் 6000, ஏடிஏ 110 என்றால் 55. ஏறக்குறைய 15க்குக் கீழே இருந்தால் காசநோய் பக்கம் சாய்வு. கூடுதல் செலவே இல்லாத இந்த வகுத்தலை எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று, எண்ணின் உயரம். 250க்கு மேல் போனால் காசநோய் இன்னும் உறுதி என்று மகிழாதீர்கள். சீழ் நெஞ்சையும் லிம்போமாவையும் முதலில் தேடுங்கள்.

ஏடிஏ1, ஏடிஏ2 என்று இரு உருவங்கள் உண்டு. முதலாவது எல்லா அணுக்களிலும் இருப்பது. இரண்டாவது மேக்ரோஃபேஜ் குடும்பத்தினுடையது, காசநோய் நீரில் ஓங்கி நிற்பதும் இதுவே. பிரித்து அளந்தால் சீழ் நெஞ்சை ஒதுக்குவது எளிதாகும். ஆனால் மேலே சொன்ன மூன்று துணைகளே பெரும்பாலும் போதுமானவை.

பொய்யான நெகட்டிவும் உண்டு. நோயின் தொடக்கத்தில் அளவு ஏறாமல் இருக்கலாம். முதியவர்களில் ஏற்றம் குறைவாக இருக்கலாம், அவர்களிடமே புற்றுக்கான வாய்ப்பும் அதிகம். எச்ஐவி உள்ளவர்களிடம், சிடி4 தாழ்ந்திருந்தாலும், ஏடிஏ பொதுவாகக் கைவிடுவதில்லை. 36, 38, 43 என்று எல்லையை ஒட்டி வரும் எண்களுக்கு இரு பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது. ஓரிரு வாரத்தில் நீரை மீண்டும் எடுங்கள்.

ஆறாம் படி: இன்டர்ஃபெரான்-காமாவும் மற்றவையும்

தூண்டுதல் ஏதும் இல்லாமல் நீரில் தானாகவே இருக்கும் இன்டர்ஃபெரான்-காமாவை எலைசா முறையில் அளக்கலாம். 2007இன் தொகுப்பாய்வில் அது 89 சதவீதம் பிடித்து, 97 சதவீதம் சரியாக விலக்கியது. விலக்குவதில் ஏடிஏவைவிட மேல். குறை என்னவென்றால் செலவு அதிகம், எல்லா கிட்டுகளுக்கும் பொதுவான எல்லை அளவு கிடையாது, சீழ் நெஞ்சும் லிம்போமாவும் இங்கும் குறுக்கே வரும். மாதிரியை உடனே குளிரில் வைத்துச் சுழற்றி, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் சேமியுங்கள். உருக்கி மீண்டும் உறையவைத்த பங்கைப் பயன்படுத்த வேண்டாம். இன்டர்லூகின்-27 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதமும் நல்ல முடிவுகள் தந்திருக்கிறது. ஏடிஏ சந்தேகமாக இருக்கும்போது துணைக்கு வரக்கூடியது, ஆனால் வழக்கமான ஆய்வகங்களில் இன்னும் கிடைப்பதில்லை. ஐபி-10 என்ற புரதமோ அழற்சி எதுவானாலும் ஏறிவிடும்.

பெயர் ஒற்றுமையால் நேரும் ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்க வேண்டும். இக்ரா பரிசோதனையும் இன்டர்ஃபெரான்-காமாவைத்தான் அளக்கிறது. ஆனால் அணுக்களைக் காசநோய்ப் புரதங்களால் தூண்டிவிட்டு அளக்கிறது. எப்போதோ உடலில் நுழைந்து உறங்கும் தொற்றுக்கும் அது பாசிட்டிவ் ஆகும். உறைநீரில் செய்தாலும் பயன் சுமார்தான். ரத்தத்தில் காசநோய் எதிர்ப்பொருள் தேடும் பரிசோதனைகள் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் அவற்றை வேண்டாம் என்றது, 2012 ஜூனில் இந்திய அரசு தடையே விதித்தது. யாராவது எழுதிக் கொடுத்தால் செய்யாதீர்கள்.

ஏழாம் படி: குறியீடு சொல்லாததைத் தேடுதல்

கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று ஏடிஏ ஒருபோதும் சொல்லாது. அதனால் ஏடிஏ 80 வந்தாலும் ஜீன் எக்ஸ்பெர்ட்டும் திரவ வளர்ப்பும் அனுப்பியே ஆக வேண்டும். பாசிட்டிவ் வந்தால் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்பதும் சேர்ந்து தெரியும். நெகட்டிவ் வந்தால் காசநோய் இல்லை என்று பொருளல்ல. சளியையும் மறக்காதீர்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்தாலும், உப்புநீர் ஆவியால் வரவழைத்த சளியை வளர்த்தால் பாதிப் பேருக்குக் கிருமி கிடைத்ததாக 2003இல் பிரேசிலில் நடந்த ஆய்வு காட்டியது. ஊசி குத்தாமல் கிடைக்கும் இந்த வாய்ப்பை விடுவது சரியல்ல.

ஏடிஏவும் படமும் முரண்பட்டால், புற்று சந்தேகம் இருந்தால், மருந்து எதிர்ப்பு உள்ளவரோடு பழகியவர் என்றால், உறைத் திசு எடுங்கள். ஊசி வழியானால் நான்கு துண்டுகளுக்குக் குறையாமல். தோராகோஸ்கோப்பி (நெஞ்சுக்குள் குழாய்க் கேமரா செலுத்துவது) வழியானால் கண்ணால் பார்த்தே எடுக்கலாம், பிடிபடும் விகிதமும் மிக உயர்வு. ஒரு துண்டையாவது உப்புநீரில் போட்டு வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். அதற்குப் பின் வளர்ப்புக்கு வழியே இல்லை.

சிகிச்சை தொடங்கிய பின்

காசநோய் என்று முடிவானால் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு, எச்ஐவி மற்றும் சர்க்கரைப் பரிசோதனை, ஆறு மாத மருந்து. முதல் வாரங்களில் நீர் சற்றுக் கூடினாலும் மருந்து தோற்றது என்று அவசரப்பட வேண்டாம். நோயெதிர்ப்பின் எதிர்வினையாகவும் இருக்கலாம். மருந்து ஒழுங்காகப் போகிறதா, வளர்ப்பு முடிவு வந்ததா என்று பாருங்கள். குணமாவதை அறிய ஏடிஏவைத் திரும்பத் திரும்ப அளப்பதில் பயனில்லை. காய்ச்சல், எடை, படம் மூன்றும் போதும்.

உறுதியாகாமல் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்தான் அதிகக் கவலைக்குரியவர். உறைக் காசநோய் நீர் மருந்தே இல்லாமலும் சில மாதங்களில் வற்றிவிடும். நோயாளி நலமாகிவிட்டேன் என்று எண்ணுவார். மருந்துக் காலத்துக்கு முன் அப்படி விடப்பட்ட அமெரிக்க ராணுவத்தினர் 141 பேரின் கதி 1955இல் வெளியானது: ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பின்னாளில் காசநோய் வெளிப்பட்டது. ஆகவே விடை கிடைக்காத எக்ஸுடேட் உள்ளவரின் சீட்டில் மறுவருகைத் தேதியையும், எட்டு வாரம் வரை நிலுவையில் இருக்கும் வளர்ப்பு முடிவின் எண்ணையும், தொடர்புகொள்ள ஒரு கைபேசி எண்ணையும் எழுதியே அனுப்புங்கள்.